ஹூட்டர்காரரின் வலது கை

"கையை மடக்குங்க" என்றேன்.

"யாரைச் சொல்றீங்க மேடம்?" என்று கேட்டார் எதிரே உட்கார்ந்திருந்தவர்.

அறையில் எங்கள் இருவரைத் தவிர ஒரு மெழுகுத் தொட்டியும் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடும்தான் இருந்தன. ஒருவேளை எலும்புக்கூட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "உங்களைத்தான் சார்" என்றேன்.

"என்னையா? நான் எப்பிடிங்க மடக்கறது? மடங்க வேண்டியது கை. அது மடங்குச்சின்னா நானும் உங்ககூட சேந்து பாத்துகினு இருப்பேன். சந்தோஷமும் படுவேன்."

பிசியோதெரபிப் படிப்பில் எத்தனையோ வகை நோயாளிகளைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். வலிக்குமென்று அழுபவர்கள், வலியே இல்லை என்று பொய் சொல்பவர்கள், பாதியில் ஓடுபவர்கள். தன் கையையே வேடிக்கை பார்க்க வந்தவரைப் பற்றி ஒரு வரி கூட யாரும் சொல்லவில்லை.

அப்போது எங்கள் சிகிச்சை மையம் நெய்வேலி டவுன்ஷிப்பைத் தாண்டி, வடலூர் போகும் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது. நான் டவுன்ஷிப்பிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்தவர். இவர் கம்மாபுரம் பக்கத்துக்காரர். சுரங்கத்தில் பெல்ட் கன்ட்ரோல் ரூமில் ஆபரேட்டர். சிதம்பரத்தில் ஒரே ஒரு வருஷம் தத்துவம் படித்துவிட்டு, சோறு போடாது என்று வீட்டில் சொன்னதால் டிப்ளமோவுக்குப் போனவர். மற்றவர்கள் மூன்று வருஷம் படித்து மறந்துபோவதை இவர் அந்த ஒரு வருஷத்திலேயே படித்து, ஆயுசுக்கும் வைத்துச் செலவு செய்துகொண்டிருந்தார்.

கை உடைந்த கதையைக் கேட்டேன். குவார்ட்டர்ஸ் தோட்டத்துப் பலா மரத்தில் ஏறினாராம்.

"ஏறுனது காலு. பழத்தைப் பாத்து ஆசைப்பட்டது கண்ணு. கெளையை விட்டது கை."

"விழுந்தது?"

"அது மட்டும் மொத்தமா எல்லாரும் சேந்துதான் விழுந்தோம்" என்றார், மிகவும் நியாயமாக.

மணிக்கட்டு எலும்பு ஒழுங்காகக் கூடிவிட்டது. ஆனால் கட்டுப் பிரித்ததும் விரல்கள் மடங்க மறுத்தன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடாமல், பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகள்போல் தள்ளித் தள்ளி நின்றன. இதில் அவசரம் என்னவென்றால் அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அடுத்த முகூர்த்த மாதத்தில் தாலி கட்டவேண்டும். நூல் பிடிக்க முடியாத கையோடு என்னிடம் வந்திருந்தார்.

அவருடைய தத்துவத்துக்கு ஹூட்டர் தத்துவம் என்று பெயர் வைத்தது நான்தான். பிறகு எங்கள் மையத்தில் எல்லோரும் அவரையே ஹூட்டர்காரர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். அவர் ஒன்றும் கோபப்படவில்லை. அவர் கன்ட்ரோல் ரூமில் பட்டனை அமுக்கினால் முதலில் ஹூட்டர் என்கிற எச்சரிக்கைச் சங்கு கத்தும். பெல்ட் பக்கத்தில் யாராவது இருந்தால் விலகிக்கொள்ளட்டும் என்பதற்காக. கத்தி முடித்ததும் மண்ணையும் கரியையும் சுமக்கும் அந்த மைல் கணக்கான ரப்பர் பெல்ட் ஓட ஆரம்பிக்கும்.

"புதுசா பாக்கறவன் என்னா நெனப்பான்? ஹூட்டர் கத்துனதாலதான் பெல்ட் ஓடுதுன்னு நெனப்பான். தெனமும் அது மொதல்ல, இது அப்பறம். ஆனா ஹூட்டருக்கு ஒரு குண்டூசிய நகத்தற தெம்பு கூட கெடையாதுங்க. ரெண்டுத்துக்கும் பட்டன் வேற எங்கியோ இருக்குது. மனசும் அப்பிடித்தான் மேடம். 'கையத் தூக்கலாம்'னு உள்ளார ஒரு சத்தம் வருது. அப்பறம் கை தூக்குது. நாம என்னாடான்னா நாமதான் தூக்குனோம்னு நெஞ்ச நிமித்திகினு திரியறோம்."

இதை வைத்துக்கொண்டு அந்த மனிதர் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமில்லை. சிகிச்சைக்கு வரும்போதெல்லாம் கீழே பேக்கரியிலிருந்து முட்டை பப்ஸ் வாங்கி வருவார். டாக்டர் எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்கச் சொன்னாரே என்றால், "கால் நின்னுடுச்சி, வாய் கேட்டுடுச்சி, எனக்கே படி ஏறும்போதுதான் விஷயம் தெரியும்" என்பார். புறப்படும்போது "வரேன்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. "கால் கெளம்பிடுச்சி மேடம்" என்று சொல்லிவிட்டு அதன் பின்னாலேயே போவார்.

வரவேற்பில் இருந்த செல்வி அக்காவுக்கு இவர்மேல் வேறு மாதிரியான புகார். இவர் வந்தால் கரண்ட் போய்விடுகிறதாம். ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்பும் ஊரில் இது பெரிய அவமானம் என்பது அக்காவின் கட்சி.

"நேத்து வந்தாரு, போச்சு. முந்தாநாளு வந்தாரு, போச்சு. இதுக்கு மேல என்னா சாட்சி வேணும்?" என்றார் அக்கா.

"போன வாரம் நான் ஊர்லியே இல்லியே, அப்ப போவலியா?"

"போச்சு. ஆனா அன்னிக்கு நீங்க வரேன்னு போன் பண்ணியிருந்தீங்க!"

அவர் அப்படியே கையெடுத்துக் கும்பிட்டார், இடது கையால் மட்டும். இவ்வளவு பலமான வாதத்தைச் சிதம்பரத்தில்கூடக் கேட்டதில்லை என்றார்.

துணைக்கு வரும் அவருடைய அக்காவுக்கு இந்தக் குழப்பமே இல்லை. "எல்லாம் அவன் செயல். நீ விரலை மடக்கணும்னு நெனச்சா அவன் மடக்கி வுடுவான், போடா" என்பார். தம்பி அதையும் தட்டிக் கழிக்கவில்லை. "இது எனக்கு ஒத்துப்போவுது மேடம். ஆனா பாவம், அவருக்கு எத்தினி வேலை பாருங்க. ஒலகம் பூரா எவன் எவன் சுண்டுவெரல ஆட்ட நெனக்கிறானோ அங்கெல்லாம் ஓடணும். ஷிப்ட் கூட கெடையாது" என்று கடவுளுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார்.

நானும் சும்மா விடவில்லை. ஒருநாள் மேஜை நடுவில் கண்ணாடியை நிறுத்தினேன். மடங்காத வலது கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்துவைக்கச் சொன்னேன். நல்ல இடது கையை முன்னால் வைத்து, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே விரல்களை மடக்கி நீட்டச் சொன்னேன். பார்க்கிறவருக்கு வலது கையே மடங்குவதுபோலத் தெரியும். கொஞ்ச நேரம் இப்படி நம்பவைத்தால், பின்னால் இருக்கும் நிஜக் கையும் பலருக்கு இளகிக் கொடுக்கும். நாங்கள் வழக்கமாகச் செய்வதுதான்.

பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு வாய் பிளந்துவிட்டது. "மேடம்! பின்னாடி இருக்கற கை அசையுது!"

"யார் அசைச்சது?" என்று கேட்டேன். என் குரலில் இருந்த வெற்றிக் களிப்பு கீழே பேக்கரி வரைக்கும் கேட்டிருக்கும். "கையில ஒரு மாற்றமும் இல்ல. நினைப்புதான் மாறுச்சு. நினைப்பு மாறினதும் கை அசையுது. இப்ப சொல்லுங்க, ஹூட்டருக்குத் தெம்பு இல்லையா?"

அவர் கண்ணாடிக்கு முன்னும் பின்னும் எட்டிப் பார்த்தார். ஒத்துக்கொள்ளப் போகிறார் என்று நான் இருக்கையின் நுனிக்கே வந்துவிட்டேன்.

"ஏமாந்தது கண்ணு" என்றார் கடைசியில். "கண்ணும் ஒடம்பு. கையும் ஒடம்பு. ஒரு ஒடம்பு இன்னொரு ஒடம்பை ஏமாத்தியிருக்குது. இதுல மனசு எங்க மேடம் வந்துச்சி?"

அந்தக் கண்ணாடியாலேயே அவரை ஒரு போடு போடலாமா என்றிருந்தது. அவரோ மடங்க ஆரம்பித்த விரல்களைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவரோடு இருந்தால் எதற்காகக் கோபப்பட்டோம் என்பதே மறந்துபோகும்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போயிருக்கும், கல்யாணப் பெண் கலையரசி ஒருநாள் நேராக மாடியேறி வராமல் இருந்திருந்தால். வடலூரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கழுத்தில் விசில் தொங்க, ஒரு வகுப்புக்கும் இன்னொரு வகுப்புக்கும் நடுவில் வந்திருந்தார். ஹூட்டர்காரர் எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பந்தை அமுக்கிக்கொண்டிருந்தார். கலையரசி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார்.

"டாக்டர், பொண்ணு பாக்க வந்தப்ப 'என்னைப் புடிச்சிருக்கா'ன்னு கேட்டேன். என்னா சொன்னாரு தெரியுமா? 'கால் இங்க வந்து உக்காந்திருக்குது, கண்ணு எடுக்க மாட்டேங்குது, நான் பாத்துகினு இருக்கேன்'னாரு. வூட்ல எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். புடிச்சிருந்துச்சி. உள்ள போனப்பறம்தான் அந்த சிரிப்பு கசந்துச்சி."

"ஏன்?"

"எங்க அப்பா இப்பிடித்தான் பேசுவாரு. 'நான் எங்க போனேன், காலு இழுத்துகினு போயிடிச்சி'ன்னு. சாராயக் கடைக்கி. அம்மாவ அடிச்சிட்டு, 'கை நீண்டுடுச்சி'ன்னு சொல்லுவாரு. எங்க வூட்ல கையும் காலும்தான் எல்லாத்தையும் பண்ணிச்சி. ஆளு ஒருத்தரும் எதுவும் பண்ணல."

பந்தை அமுக்கும் சத்தம் நின்றுபோயிற்று.

"என் வண்டியில ரெண்டு பிரேக் இருக்குது டாக்டர். படிக்கறவங்க பக்கம் ஒண்ணு, என் பக்கம் ஒண்ணு. வண்டி நின்னா மொதல்ல நான் கேக்கறது, 'யார் போட்டது?' அவங்க போட்டாதான் லைசென்ஸுக்கு அனுப்புவேன். நான் போட்டு நின்னுதுன்னா, இன்னொரு மாசம் ஓட்டட்டும்." இப்போதுதான் அவர் பக்கம் திரும்பினார். "மூணு முடிச்சையும் நீங்களே போடணும். மொத முடிச்சி உங்களுது, மத்தது நாத்தனாருதுன்னு வழக்கம் எல்லாம் எனக்கு வேணாம். போட்டுட்டு, 'நான்தான் போட்டேன்'னு என் மூஞ்சியப் பாத்து சொல்லணும். கைதான் போட்டுதுன்னு சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, மண்டபத்துக்கு அட்வான்ஸ் திருப்பி வாங்கிடலாம்."

விசிலைக் கழுத்தில் சரிசெய்துகொண்டு இறங்கிப் போய்விட்டார். கீழே அவர் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் இவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். பப்ஸ் ஆறிக் கிடந்தது.

"அதுக்காகவாங்க நான் அப்பிடிப் பேசறேன்?" என்றார். குரல் இறங்கியிருந்தது. "நான் உக்காந்திருக்கற எடத்துலேந்து பெல்ட் தெரியாது மேடம். எங்கியோ ஓடுது. அந்தப் பக்கம் யாரும் நிக்கலன்னு ஸ்கிரீன்ல ஒரு பச்ச வெளக்கு சொல்லும், அவ்ளோதான். இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. ஆனா தெனம் தெனம் 'நான் அமுக்கறேன், நான் அமுக்கறேன்'னு நெனச்சிகினே உக்காந்தா வெரலு பட்டன்கிட்டயே போவாது. கைதான் அமுக்குது, நான் சும்மா பாத்துகினு இருக்கேன்னு நெனச்சாதான் ஷிப்ட் ஓடும். அப்பிடியே பழகிப்போச்சி."

இவ்வளவு நாள் அவர் வேடிக்கைக்காகத்தான் பேசுகிறார் என்று நினைத்திருந்தேன். எனக்கு அவர்மேல் அப்போது வந்த பாசத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பப்ஸைச் சுடவைத்துக் கொண்டுவரச் சொன்னேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவர் உழைத்த உழைப்பு இருக்கிறதே! வாளியில் அரிசியைக் கொட்டி விரலால் கிளறினார். ஈரத் துண்டைப் பிழிந்தார். ஹூட்டர் தத்துவத்தை விட்டாரா என்றால் இல்லை. "கை பயிற்சி பண்ணிச்சி மேடம்" என்றுதான் சொல்வார். ஆனால் பண்ணிக்கொண்டு வந்தார். கடைசியில் எலும்புக்கூட்டின் கழுத்தில் மஞ்சள் நூலைப் போட்டு முடிச்சுப் பழகினோம். ஆள்காட்டி விரல் மட்டும் அடிக்கடி மறந்துபோய் விறைத்துக்கொண்டு நிற்கும். அப்போதெல்லாம் நான் என் ஆள்காட்டி விரலைத் தூக்கி இரண்டு ஆட்டு ஆட்டிக் காட்டுவேன். உடனே அவருக்கு ஞாபகம் வந்து மடக்குவார். எங்களுக்குள் இது ஒரு சைகையாகவே ஆகிவிட்டது. எலும்புக்கூட்டுக்கு மட்டும் எத்தனை முறை கல்யாணம் ஆயிற்றோ தெரியாது. செல்வி அக்கா ஒவ்வொரு முறையும் அதன் தலையில் அட்சதை போட்டார்.

கல்யாணம் வடலூரில். நானும் செல்வி அக்காவும் முதல் வரிசையில் இடம் பிடித்தோம். கரண்ட் போகாமல் இருக்க அக்கா வேண்டிக்கொண்டிருந்தார். பட்டு வேட்டியில் ஹூட்டர்காரர் மணவறையில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். கலையரசி குனிந்த தலை நிமிரவில்லை, ஆனால் கண் மட்டும் ஓரமாக அவர் கையின்மேல் இருந்தது, படிக்க வந்தவர் கியர் போடுவதைப் பார்ப்பதுபோல.

ஐயர் தாலியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். மந்திரம் இன்னும் முடியவில்லை. அவர் நூலைப் பிடித்தார். ஆள்காட்டி விரல் விறைத்து நின்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் என்னைப் பார்த்தார். பழக்க தோஷம்! என் விரலைத் தூக்கி இரண்டு ஆட்டு ஆட்டினேன்.

மேளக்காரர் அந்த ஒரு விரலுக்காகத்தான் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். கல்யாண மண்டபத்தில் விரலைத் தூக்கி ஆட்டினால் அதற்கு என்ன அர்த்தம் என்பது என்னைத் தவிர எல்லோருக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது. கெட்டி மேளம் இடிபோல முழங்கியது. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. இருநூறு பேர் அட்சதையை வாரி இறைத்தார்கள். பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின் வரிசையில் இருந்தவர்கள் பந்திக்கு எழுந்தே விட்டார்கள். மஞ்சள் அரிசி தலையிலும் தோளிலும் கொட்டிக்கொண்டிருக்க, ஹூட்டர்காரர் மட்டும் தாலியைக் கையில் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஹூட்டர் கத்துகிறது, கத்துகிறது, பெல்ட் நகரவே இல்லை.

ஐயர் இரண்டு கையையும் ஆட்டி நிறுத்தச் சொன்னார். மேளம் தடுமாறி நின்றது. "யாருய்யா சொன்னது?" என்று கத்தினார் ஒரு பெரியவர்.

"அதோ, அந்தம்மாதாங்க வெரலக் காட்னாங்க" என்று மேளக்காரர் குச்சியாலேயே என்னைக் காட்டினார்.

மண்டபம் முழுக்க என் பக்கம் திரும்பியது. நான் விரலைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்தேன். வாயிலிருந்து வந்தது இதுதான்:

"நான் ஒண்ணும் பண்ணலைங்க! விரல் தானா தூக்கிக்கிச்சு!"

 பிறகு மணவறையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. ஹூட்டர்காரர்தான். தலையில் இருந்த அட்சதை உதிர உதிர, தோள் குலுங்கச் சிரித்தார். "மேடம்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்தக் கதையெல்லாம் என்கிட்ட வுடாதீங்க."

கலையரசியும் சிரிப்பை அடக்கமுடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். ஆனாலும் குனிந்தபடியே கேட்டார். "வண்டி நிக்குது. யாரு எடுக்கறது?"

"இரு. நான் எடுக்கறேன்" என்றார் அவர்.

மேளம் இல்லை. மின்விசிறிச் சத்தம்தான். முதல் முடிச்சு விழுந்தது. அவருடைய அக்கா வழக்கப்படி பின்னாலிருந்து கையை நீட்டினார். "வேணாங்க்கா, நானே போட்டுக்கறேன்" என்றார். இரண்டாவது முடிச்சு நழுவி, மறுபடி விழுந்தது. நான் என் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். அரிசி தீர்ந்துபோனவர்கள் தரையிலும் அடுத்தவர் மடியிலும் சத்தமில்லாமல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது முடிச்சைக் கோணலாக இழுத்து இறுக்கிவிட்டு, கலையரசியின் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"நான்தான் கட்டினேன்" என்றார். "கை இல்ல. நான்."

கலையரசி தலையை நிமிர்த்தினார். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. செல்வி அக்கா என் தோளில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன், வெட்கமில்லாமல்.

"இப்ப அடிக்கலாங்களா?" என்று மேளக்காரர் என் பக்கம் பார்த்துக் கேட்டார். நான் கையை எடுக்கவே இல்லை. மணவறையில் ஹூட்டர்காரர்தான் எழுந்து, அந்த விறைத்த ஆள்காட்டி விரலைத் தூக்கி இரண்டு ஆட்டு ஆட்டினார். மேளம் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. பொறுக்கிய அரிசி இரண்டாவது முறையாகப் பறந்தது.

நான் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன். ஆடிப்பெருக்கன்று தாலிக்கயிறு மாற்றுவார்கள். ஹூட்டர்காரர் வீட்டில் அதைப் பெரியவர்கள் யாரும் கட்டுவதில்லை, அவரேதான் கட்டுகிறார். வருஷா வருஷம் கலையரசி எனக்கு வீடியோ கால் செய்து கழுத்தைக் காட்டுவார். இந்த வருஷமும் பேசினோம். பேச்சு நடுவில் அடுப்பில் பால் பொங்கி வழிய, அவர் பதறினார்; அந்த வாசனை எனக்கே போனில் வந்ததுபோல இருந்தது.

"பாலைப் பாத்துக்கறேன்னு யாரு சொன்னது?" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

"கண்ணு பாத்துகினுதான் இருந்துச்சி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அதுக்குள்ள காது கிரிக்கெட் பக்கம் போயிடிச்சி."

கலையரசி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். புது மஞ்சள் கயிற்றைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். முடிச்சு இந்த முறையும் கோணல்தான்.

"சரி, இத யாரு கட்டுனது?"

"அது நானு" என்றது குரல், உடனே.